இடது பக்கத்து அளவு

"அண்ணி, சீக்கிரம் வாங்க... உள்ளேயே மாட்டிக்கிட்டேன்!"

அறைக்கதவைத் திறந்தபோது என் நாத்தனாருக்குத் தலையே இல்லை. சட்டை பாதியில் நின்றிருந்தது. வலது கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, இடது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இடது மார்பை எடுத்து மூன்று மாதம் ஆகியும் அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். நான் சட்டையை மெல்ல உருவினேன். தலை கலைந்து வெளியே வந்தவள், வழக்கமாகப் பேசும் கேலி எதுவும் பேசவில்லை.

"முன்னால பட்டன் வச்சது போட்டுப் பாத்தியா?"

"கக்கத்துல இறுக்குது. தழும்புல உரசுது. பெரிய சைஸ் எடுத்தா சாக்குக்குள்ள புகுந்த மாதிரி இருக்கு." கட்டிலில் உட்கார்ந்தாள். "என் சட்டைய நானே போட்டுக்க முடியல. நாப்பது புள்ளைங்கள மேய்க்கப் போறேனாக்கும்."

பள்ளிக்கூடம் கொடுத்த விடுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது; திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். மேசையில் ஒரு கடிதம் எழுதி மடித்து வைத்திருந்தாள். வேலையை விட்டுவிடுவதாக. பதினேழு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான் அருங்காட்சியகத்தில் பழைய உடைகளைப் பராமரிப்பவள். தூசி எடுப்பது, நைந்த இடத்துக்கு அடியில் துணி கொடுத்துத் தைப்பது, அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதுவது. அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது ஏழாம் இழுப்பறையில் இருக்கும் ஒரு பெண்ணின் மேற்சட்டை. நூறு வருடத்துக்கும் மேல் பழையது, முழுக்கக் கைத்தையல். தலை வழியாகப் போடவே வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் மடிந்து, வலது கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஒரே நாடாவில் முடியும்.

காகிதத்தில் அளவெடுத்து வந்து இரண்டு நாளில் தைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை போட்டுப் பார்த்தாள். வலது பக்கம் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. இடது பக்கம் இறுக்கிப் பிடித்தது. கையை இடுப்பளவு தூக்கியதுமே முகம் சுருங்கிவிட்டது.

"மியூசியத்து மகாராணிக்கும் கக்கத்துல இப்படித்தான் அறுத்துச்சா அண்ணி?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. பேனாவைத் தேடினாள்.

"திங்கக்கெழம வரைக்கும் பொறு. கையெழுத்து எங்கயும் ஓடிடாது."

நான் எதை மாற்றினேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. பழைய சட்டையின் இடது பக்கம் கோணல். கை நுழையும் வாய் வலதைவிட நாலு விரல் அகலம். பதிவேட்டில், பதினோரு வருடத்துக்கு முன் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'இடது வெட்டில் பிழை. தையல் பழகுபவர் வேலையாக இருக்கலாம்.' ஆகவே நகலில் அந்தப் பிழையைத் திருத்தி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டிவிட்டேன். படித்தவள் அல்லவா!

சனிக்கிழமை காலை அருங்காட்சியகத்தில் பழைய சட்டையை எடுத்து, முதன்முறையாக அவசரமில்லாமல் உட்புறம் திருப்பிப் பார்த்தேன். பழகுபவர் தையலா அது? ஒரு விரல் அகலத்துக்குப் பன்னிரண்டு தையல், ஒன்றுபோல் ஒன்று. இடது கக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் தனித் துண்டு வைத்து விரித்திருந்தது. இடது மார்பில் மட்டும் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணி இரண்டு மடிப்பு. அந்த இடத்தின் குறுக்கே ஒரு தையல்கூட ஓடவில்லை. எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அதை அணிந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. நோயோ, தீக்காயமோ. தைத்தது அவளேதானோ, அக்காவோ, ஒருவேளை அவளுக்கும் ஓர் அண்ணி இருந்தாளோ. யாரோ ஒருத்தி வலிக்கும் இடத்தைச் சுற்றி வழிவிட்டுத் தைத்திருக்கிறாள். முகமே தெரியாதவளுக்கு எந்தத் திசை பார்த்து நன்றி சொல்வது? பதிவேட்டை எடுத்து என் பழைய வரியை அடித்தேன். 'வெட்டில் பிழை இல்லை. அணிந்தவரின் அளவு' என்று எழுதித் தேதி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நகலின் இடது பக்கத்தைப் பிரித்து, அதைத் தைத்தவள் செய்ததை ஒன்று விடாமல் செய்தேன். என் கணவர் சமையலைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே வந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

"உங்க தங்கச்சிக்காக இவ்வளவு வளையறீங்களே, எனக்கு ஒரு பட்டன் தச்சுத் தந்திருக்கீங்களா?"

"உனக்கு ஆயுசு பூரா கோத்துத் தரேன், போதுமா?"

திங்கள் காலை சட்டையை நீட்டினேன். அவள் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பழைய சட்டையில் கண்டதைச் சொன்னேன்.

"நீங்க வெளியில இருங்க, அண்ணி."

கதவுக்கு வெளியே நானும் அவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை. என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அவர் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. நேராக நின்றாள். இடது கை வலியில்லாமல் தொங்கியது, தோளில் பை. முடிச்சு கொஞ்சம் கோணலாக, ஆனால் இறுக்கமாக.

"ஒத்தக் கையில எப்படிடீ முடிச்சுப் போட்ட?"

"வாய் எதுக்கு இருக்கு? பேச மட்டுமா?" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பேருந்துக்காக அவள் திரும்பி நின்றாள். நாடாவின் நுனி, அவள் பல் பட்ட ஈரத்தோடு, வெயிலில் மினுங்கி ஆடியது.