மச்சினன் கொண்டுவராத பூச்சி

ஒரு வாரமாகத் தையல்காரரின் கழுத்திலும் கையிலும் சிவப்புத் தடிப்புகள். மனைவிக்கும் அப்படியே. எட்டு மாதக் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. வேலை தேடி வந்த மச்சினன் அவர்கள் வீட்டில் தங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"உன் தம்பி பெட்டியில மூட்டைப்பூச்சியக் கொண்டாந்துட்டான்" என்று தையல்காரர் மனைவியிடம் சொன்னது கூடத்தில் இருந்த மச்சினன் காதிலும் விழுந்தது. மறுநாள் காலையில் அவன் ஒரு விடுதிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு மனைவி கணவரிடம் 'ம்' என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

பூச்சி மருந்து அடிக்கும் பெண் வந்தார்.

"மூட்டைப்பூச்சிதாம்மா. நல்லா காட்டமா அடிச்சு விட்டுடுங்க" என்றார் தையல்காரர்.

"கண்ணால பாத்தீங்களா சார்?"

"பாக்கலை. கடிக்குதே!"

"கடிக்கிறதெல்லாம் மூட்டைப்பூச்சியா? என்னன்னு தெரியாம அடிக்க மாட்டேன். கைக்குழந்தை இருக்கற வீடு."

மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் இடுக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார். மூட்டைப்பூச்சி விட்டுப்போகும் கறுப்புப் புள்ளிகள் இல்லை. உரித்த தோலும் இல்லை. ஜன்னல் விளிம்பில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். ஊசிமுனை அளவு உயிர்கள் காலை உதறிக்கொண்டிருந்தன.

"வெளியில புறா கூடு ஏதும் உண்டா?"

மனைவி வாய் திறந்தாள். "ஏசிக்குப் பின்னாடி. குஞ்சுங்க பறந்து பத்து நாள் இருக்கும்."

"அதான். இது புறாச் செள்ளு. புறா போனதும் பசியில உள்ள வந்திருக்கு. கூட்டை எடுத்தாலே போதும்."

கையுறை, முகமூடி போட்டு, கூடு காலிதானா என்று பார்த்துவிட்டுப் பையில் கட்டினார். அந்த இடத்தையும் ஜன்னல் விளிம்பையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஏசிக் குழாய் நுழையும் சுவர் ஓட்டையை அடைத்தார். மருந்தைத் திறக்கவே இல்லை.

"பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தம்பிகிட்ட போன்ல பேசி முடிச்சுடாதீங்க" என்றாள் மனைவி.

தையல்காரர் நேரிலேயே விடுதிக்குப் போனார். "மாப்ள, நான் பேசினது தப்பு. வீட்டுக்கு வா."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "வரலாம் மாமா. ஆனா இந்த விடுதியில நிஜமாவே மூட்டைப்பூச்சி இருக்கு. இப்ப வந்தா நீங்க சொன்னது பலிச்சுடும்."

தையல்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெட்டியைப் பூச்சி மருந்துப் பெண்ணிடம் சோதிக்கக் கொடுத்தார்கள். துணிகளைச் சலவைக் கடையில் சூடாக உலர்த்தி எடுத்துக்கொண்டு, மாலையில் வீடு வந்தார்கள்.

கதவைத் திறந்த மனைவி, தம்பியைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டாள்: "ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்லையா?"