முளைக்காத தட்டு

என் நாத்தனார்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது விதை போட்ட ஏழாவது மாதத்தில். அதுவரை அவள் நல்லவள்தான். தாவரவியல் பூங்கா நாற்றங்காலில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தானே!

ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வளர்ந்த புதர் அது. சாலையை அகலப்படுத்தியபோது கடைசிச் செடியும் போய்விட்டது. அதற்கு முன் நான் பொறுக்கி வந்தது பதினொரு விதைகள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் விதைத்து வலைபோட்டு மூடினேன். முளைக்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. விதைத்த தட்டைக் கிளறக் கூடாது, அது எங்கள் வேலையில் முதல் பாடம்.

ஏழு மாதமாக ஒரு பச்சைப் புள்ளி இல்லை. பிறகுதான் கவனித்தேன். விடுமுறையிலும் இவள் வருகிறாள். வலை காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் மடிந்திருக்கிறது. நான் நுழைந்தால் போனை வெடுக்கென்று அணைக்கிறாள். இவள் கணவன் வைத்திருப்பதோ செடிக்கடை. அபூர்வச் செடி என்றால் வாங்க ஆளா இல்லை?

"உங்க தங்கச்சி விதையில கை வச்சுட்டா," என்றேன் கணவரிடம்.

"அவளா? பொய் சொன்னா அவளுக்குக் காது சிவந்துரும். போய்க் காதைப் பாரு."

மறுநாள் பார்த்தால் காதை மூடித் துண்டு கட்டியிருக்கிறாள்! மண் சலிக்கிற நாளாம். எப்படி இருக்கிறது கதை?

"விதை எங்கடி?"

"மண்ணுக்குள்ளதான் அண்ணி. வேற எங்க போகும்?"

"காட்டு."

"கிளறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓஹோ, எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"அண்ணி, வேணாம்! சொன்னா கேளுங்க!"

அவள் கத்தக் கத்தத் தட்டைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தேன்.

பதினொன்றும் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூல்போல ஒரு வெள்ளை வேர். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் மேலே வந்திருக்கும். பெரும்பாலான வேர்கள் அறுந்து மண்ணோடு கிடந்தன.

"அப்போ அந்த வலை?" என்றேன்.

"வெயில் திரும்பத் திரும்ப நிழல் மாத்தி விட்டேன். லீவு நாள்ல யார் பாப்பாங்க?"

"போனு?"

"வேலை நேரத்துல பேசினா நீங்க திட்டுவீங்களே."

அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை நனைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு விதையாக அதன்மேல் எடுத்து வைத்தாள். இரண்டில் மட்டும் வேர் முழுசாக இருந்தது. ஒன்பதை நான் கொன்றிருந்தேன். ஐயோ, எந்தத் திருடனும் இவ்வளவு செய்திருக்க மாட்டான்.

உதவலாம் என்று கையை நீட்டினேன். அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வெளிய நில்லுங்க."

கதவுக்கு வெளியே போய் நின்றேன்.