இன்னும் ஒரே ஒரு கட்டை

...புகையடுப்பின் சூட்டு முள் இருநூற்றைம்பதில் நிற்கிறது, நிற்கட்டும், டேய் ஆர்வில், மூடியைத் திறந்து பார்க்காதே, ஒரு தடவை திறந்தால் கால் மணி நேரச் சூடு போச்சு, வலப்பக்கம் நெருப்பறையை ஒட்டி எப்போதும் முப்பது டிகிரி கூடுதல், அதனால்தான் மாட்டு நெஞ்சுக்கறியின் கொழுத்த முனையை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாயிற்று, அடுத்த ஓக் கட்டை நெருப்பறையின் தலையில் சூடேறிக்கொண்டிருக்கிறது, ஜில்லென்று போட்டால் வெள்ளைப் புகை கக்கி அத்தனை கறியும் கசந்துவிடும்... எல்லாம் சரி, டார்லீன் வருவாளா? நாலு வருஷம் கழித்து மகள் வருகிறேன் என்கிறாள், டல்லஸிலிருந்து, தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு. வந்தால் என்ன பேசுவது? முதலில் தட்டில் கறியை வைத்துவிடலாம், வாய் நிறையக் கறி இருக்கும்போது யாரும் சண்டை போடமாட்டார்கள்...

வெர்னா இருந்தால் பேச்சை அவள் பார்த்துக்கொள்வாள். "நான் உன் பொண்டாட்டியா, இந்தத் தகரப் பீப்பா உன் பொண்டாட்டியா?" என்று ஜன்னலிலிருந்து கத்துவாள், கத்திவிட்டு அவளே பீரும் கொண்டுவந்து தருவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் இதே அடுப்புதான், சர்ச் மைதானத்துக்கு இழுத்துப் போயிருந்தார், விருந்து, பன்னிரண்டு நெஞ்சுக்கறி, டார்லீன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள், அப்பா, அம்மா உங்களைக் கேக்கறாங்க, உடனே வாங்க. இதோ வந்துட்டேன்மா, இன்னும் ஒரே ஒரு கட்டை. போட்டார். காற்று திரும்பியது, முள் இறங்கியது, இன்னொன்று போட்டார், அப்புறம் இன்னொன்று... போய்ச் சேர்ந்தபோது போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார்கள். டார்லீன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கரி படிந்த கையைத்தான் பார்த்தாள். அந்தக் கறியைத் தின்றவர்கள் சாவு வீட்டுக்கே வந்து சொன்னார்கள், சூடு துளிகூடப் பிசகலையேப்பா ஆர்வில் என்று. பாவி, அதைக் கேட்டுக் கொஞ்சம் சந்தோஷப்படக்கூடச் செய்தாயே! இருநூறு பேர் சாப்பாடு, நெருப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது? இதைத்தானே எல்லாரிடமும் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார்...

போன். டார்லீன்தான். "அப்பா, நெடுஞ்சாலைச் சந்திப்புல, பெட்ரோல் பங்க்ல நிக்கறேன். வண்டி மக்கர் பண்ணிடுச்சு. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"இதோ வந்துட்டேன்மா, இன்னும் ஒரே ஒரு கட்..."

ஐயோ. "சரிப்பா, நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றாள், வைத்துவிட்டாள்.

கட்டை இருந்த இடத்திலேயே இருந்தது, அவர் வண்டியில் இருந்தார், தொப்பிகூட இல்லை, போகட்டும், அணைந்தால் அணையட்டும், வேகாத கறியை நாய்க்குப் போடலாம், அவள் இருக்கவேண்டும், வேறு யார் வண்டியிலாவது ஏறிப் போயிருக்கக்கூடாது... இருந்தாள். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், வெர்னாவின் அதே முறைப்பு. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார், வீட்டுக்குத் திருப்பினார். வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கண் தானாக அடுப்புக்குத்தான் போயிற்று, சீ, இந்தக் கண்ணை என்ன செய்வது, ஆனால் அவளும் அங்கேதான் பார்த்தாள். முள் இருநூற்று நாற்பது. முழுசாக அரை மணி, யாரும் தொடவில்லை, பத்தே டிகிரிதான் இறங்கியிருக்கிறது.

"அணையலையேப்பா," என்றாள்.

அணையவில்லைதான். ஆஸ்பத்திரி கால் மணி தூரம், சர்ச் மைதானத்தில் கட்டை போடத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள், அப்படியானால் அன்று தன்னைப் பிடித்துவைத்தது இந்த நெருப்பு இல்லையா, அந்த அறைக்குள் போய் வெர்னாவைப் பார்க்கப் பயந்து... சூடான கட்டையைக் கையில் எடுத்தவர், போடாமல் நின்றுகொண்டிருந்தார்.