மூன்றாம் சரணத்தின் அவசரம்

ஊசியக்காவின் ஏழாவது இசைத் தொகுப்பு ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் அனுமதி வந்தாயிற்று. கப்பல் பட்டறைக்காரர்கள் சுத்தியலால் தாளம் போட்டுப் பாடியது, சோப்பு விளம்பரத்துக்கு யாரோ அவசரத்தில் போட்ட மெட்டு, மூச்சு வாங்க வாங்க ஊதும் ஒரு பள்ளிக்கூட பேண்டு என்று ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத சரக்கு. அவளுடைய முதல் தொகுப்பு வந்தபோது ஒரு விமர்சகர் இதற்குத் தலையும் இல்லை வாலும் இல்லை என்று எழுதினார். "உட்கார்ந்துக்கிட்டுக் கேட்டா அப்படித்தான் இருக்கும், எழுந்து ஆடச் சொல்லு அந்த ஆளை" என்றாள் ஊசியக்கா. அடுத்த தொகுப்புக்கு அவரே முன்னுரை எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால், அவள் பாட்டுப் போடும் நடனக் கிளப்பில் யாருக்கும் தெரியாது. இசைத்தட்டில் எந்த இடம் வேண்டுமோ அந்த இடத்தில், பேச்சை நிறுத்தாமலே ஊசியை வைப்பாள் என்பதால் வந்த பெயர் அது. வாயும் அப்படித்தான் குத்தும் என்பது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் தரும் கூடுதல் விளக்கம்.

கிளப்பில் அவள் முதலில் பார்த்த வேலை, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டுவது. ஒருநாள் பாட்டுப் போடும் டீஜேவுக்கு வயிற்றைக் கலக்கவே, அவர் கழிப்பறைக்கு ஓடிவிட்டார். தட்டு முடிந்து கூட்டம் விழித்துக்கொண்டு நின்றது. இவள் கையிலிருந்த கோட்டுகளைத் தரையில் போட்டுவிட்டு மேடையேறி, கைக்கு அகப்பட்ட ஒரு சர்க்கஸ் பேண்டைப் போட்டாள். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு ஆடியது, பிறகு இன்னொன்று கேட்டது. டீஜே முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது அவருடைய இடம் அவருடையதாக இல்லை. அன்றிலிருந்து தன் காதின் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கை சிலருக்குச் சாமி மேல்கூட இருக்காது.

அந்தக் காது சொல்லிவிட்டது, ஏழாவது தொகுப்பின் நடுவில், கையெழுத்துக்குக் காத்திருக்கும் இந்தப் பாட்டுதான் வர வேண்டும் என்று. கடையை மூடிய ஒரு முடிதிருத்துபவரிடம் பெட்டியோடு வாங்கிய இசைத்தட்டுகளில் கிடந்தது அது. பாடியவர் வேறெதுவும் பாடியதாகத் தெரியவில்லை. மூன்றாம் சரணத்துக்கு முன்னால் வாத்தியமெல்லாம் அடங்கி, தாளத்தில் நாலு தட்டுக்கு வெறும் அமைதி. அந்த நாலு தட்டும் முடிவதற்குள், மூன்றிலேயே, பாடகியின் குரல் "வந்துட்டேன்!" என்று தனியாகப் பாய்ந்துவிடும். முரசு அதன் பிறகுதான் வந்து அதைத் தாங்கும். இருபது வருடமாக அந்த இடத்துக்காகவே கிளப்பில் அத்தனை கைகளும் மேலே போகின்றன.

விசாரித்து விசாரித்துப் பாடகியைக் கண்டுபிடித்தது தொகுப்பை வெளியிடும் கம்பெனிக்காரர். எழுபது வயது, சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊசியக்கா காகிதத்தோடு நேரில் போனாள். அலுவலகம் என்று அங்கே இருந்தது ஒரு மேசையும் சாலைக் குறிகள் வரைந்த சுவரும்தான். பாட்டைக் கேட்க வசதியாக இருக்கும் என்று பாடகி அவளைக் காரில் ஏற்றினார். கற்றுக்கொள்கிறவர் சீட்டில் ஊசியக்கா, பக்கத்தில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருக்கும் சீட்டில் அவர்.

பாட்டு ஓடியது. முதல் இரண்டு சரணத்துக்கு அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. அந்த இடம் நெருங்கியதும் அவருடைய கால் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி மிதித்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"கேட்டியாம்மா? நாலு தட்டு விட்டுட்டு வரணும். நான் மூணுலயே வாயைத் திறந்துட்டேன்."

"மறுபடி பாடியிருக்கலாமே அக்கா?"

"ஸ்டூடியோ நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்த கோஷ்டி வாசல்ல நிக்குது. யாருக்குத் தெரியப்போகுதுன்னார் பேண்டு மாஸ்டர். ரேடியோல ஒருத்தன் இதைப் போட்டுட்டு, அம்மணிக்கு வீட்டுல அடுப்புல என்ன இருந்துதோன்னு சிரிச்சான். ஊரே சிரிச்சுது. அப்புறம் யாரும் என்னைப் பாடக் கூப்பிடல."

"அந்த இடத்துக்காகத்தான் நான் இதைப் போடறதே."

"ஏன், இன்னும் நாலு பேர் சிரிக்கறதுக்கா?" அவர் பாட்டை நிறுத்தினார். "இப்பதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களே. அந்த வார்த்தையை ஒரு தட்டு தள்ளி வைக்கச் சொல்லு. கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா என்னை விட்டுடும்மா."

ஊசியக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்தபின்தான் எல்லாப் பேச்சும் வந்தது. கணவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "அவங்க குரல், அவங்க பட்ட அவமானம். திருத்த வேண்டாம்னு சொல்ல நீ யாரு?" என்றார். நியாயமாகப் பேசினால் அவளுக்குக் கோபம் இரண்டு பங்காக வரும். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கம்பெனிக்காரர் ஒரே நாளில் திருத்திக் கொடுத்துவிட்டார். "சுத்தமா வந்திருக்கு அக்கா. இதையே போட்டுட்டு வேலையைப் பார்ப்போம்" என்றார். சுத்தமாகத்தான் இருந்தது, பல் செட் மாட்டிய சிரிப்பு மாதிரி. ஆனால் அது அவளுடைய காது சொல்வது. பாடகியின் காது வேறு சொல்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு நீதிபதிதான் உண்டு, அது ஆடுகிற கூட்டம்.

உடனே போன் போட்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. நீங்க சொன்னபடி திருத்தினதையே போடறேன். கூட்டம் பேசாம ஆடினா அதுதான் தொகுப்புல வரும், சத்தியமா. ஆடலைன்னா பழசுக்குக் கையெழுத்து. சரியா?"

"பழசைத் திருட்டுத்தனமாப் போட மாட்டியே?" என்றார் பாடகி.

"நான் வாயாடி அக்கா, திருடி இல்லை."

ஞாயிறு மத்தியான ஆட்டம் முழங்கால் வலிக்காரர்களுக்காகவும் பிள்ளைக்குட்டிக்காரர்களுக்காகவும் அவள் ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்த நர்சுகள், பஸ் டிரைவர்கள், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் என்று அரங்கம் நிறைந்திருந்தது. பாடகி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, டீஜே மேடையில் ஊசியக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

கப்பல் பட்டறைச் சுத்தியல் ஓய்ந்ததும் பாட்டை உள்ளே விட்டாள். முதல் வரிக்கே கூட்டம் கூவியது. பாடகி திடுக்கிட்டு நிமிர்ந்தார். முதல் சரணம், இரண்டாம் சரணம் எல்லாம் ஆனந்தமாகப் போனது. கொஞ்சம் அதிகமாகவே ஆனந்தமாகப் போவதாக ஊசியக்காவுக்குப் பட்டது. இந்த மகிழ்ச்சியில் யார் ஒரு தட்டைக் கவனிக்கப்போகிறார்கள்? சத்தியம் வேறு செய்து தொலைத்திருக்கிறாள்.

வாத்தியங்கள் அடங்கின. கூட்டம் அசையாமல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று.

"வந்துட்டேன்!"

அரங்கமே கத்தியது. நர்சுகளும் டிரைவர்களும் கணக்கு வாத்தியாரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே குரலாகக் கத்தினார்கள். அவர்கள் கத்தி முடித்த பிறகு, திருத்தப்பட்ட பாடகியின் குரல், விருந்துக்குத் தாமதமாக வந்தவரைப் போல, ஒழுங்காக, தனியாக வந்து சேர்ந்தது. தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. பாதிப் பேருக்குக் கால் பின்னிக்கொண்டது. ஆட்டம் நின்றுபோய், எல்லாரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊசியக்கா சத்தத்தைக் குறைத்தாள்.

"என்னக்கா இது?" என்று முன்வரிசையில் ஒரு டிரைவர் நிஜமான கோபத்தோடு கேட்டார். "நல்ல பாட்டை யாரு இப்படிக் கெடுத்தது?"

ஊசியக்கா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஸ்டூல் கிரீச்சிட்டது. பாடகி எழுந்து நின்றிருந்தார். முகமெல்லாம் சிவந்து, கண் நிறைந்து, உதடு மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் கோணிக்கொண்டிருந்தது.

"நான்தான்!" என்றார் உரக்க. "நான்தான் கெடுத்தேன்! நான்தான் பாடினேன்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஊசியக்கா மைக்கை எடுத்தாள். "இந்தப் பாட்டைப் பாடினவங்க இவங்கதான். பயந்துபோய்த் தள்ளி வைக்கச் சொன்னாங்க" என்றாள். எழுந்த கூச்சலில் மேடைப் பலகை அதிர்ந்தது. பாடகி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காகிதத்தை எடு" என்றார் காதருகில். பிறகு, "அது அப்புறம். முதல்ல பழசைப் போடு."

ஊசியக்கா பழைய தட்டின் மேல் ஊசியை வைத்தாள். பாடகி கைப்பையை அவளிடம் தள்ளிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிக் கூட்டத்துக்குள் போனார். அவரைச் சுற்றி இடம் விட்டார்கள். முதலில் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினார், இரண்டாம் சரணத்தில் ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் சரணம் நெருங்கியது. ஊசியக்காவுக்கு என்ன தோன்றியதோ, வாத்தியம் அடங்கிய அதே நொடியில் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டாள். தட்டு ஊமையாகச் சுற்றியது. அரங்கத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொல்லி வைத்தாற்போல எல்லாரும் அவருக்காக விட்டுவிட்டார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

எழுபது வயதுக் குரல், கரகரத்து, ஒரு தட்டு முந்திக்கொண்டு பாய்ந்தது. ஊசியக்கா சத்தத்தை மறுபடி ஏற்றி, முரசை அதன் கீழே கொண்டுவந்து வைத்தாள்.