செர்ரி மரம் ஸ்டாப்

அந்த நிறுத்தத்துக்குப் பலகை எதுவும் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை சர்வீஸ் ரோட்டோரம் ஒரு சிங்கப்பூர் செர்ரி மரம் நின்றது, அதனால் அது செர்ரி மரம் ஸ்டாப். காலை ஆறு மணியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளின் பஸ்கள் அங்கே வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். யாரும் நட்ட மரமில்லை. குருவியோ வௌவாலோ போட்ட எச்சத்தில் முளைத்து, மூன்றே வருஷத்தில் குடை விரித்து நாற்பது பேருக்கு நிழல் கொடுத்தது. எதிர்ப்பக்கம் இரும்பில் ஒரு நிழற்குடை இருந்தது. அதில் நாய்கள்தான் படுத்துக் கிடந்தன.

சசிரேகாவுக்கு ஒரு நாளில் பேசக் கிடைத்த நேரம் அந்த மரத்தடியில் பத்து நிமிஷம். முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஒன்று நடந்து ஒன்றரை வருஷத்தில் முடிந்துபோனது. அண்ணன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே ரூம் எடுத்தாள். ரூமில் மூன்று பேர், மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். மற்ற இருவரை அவள் கண்டதெல்லாம் கொடியில் தொங்கும் ஈரத் துண்டுகளாகத்தான். ஒரகடத்தில் கார் ஒயர் கட்டும் லைனில் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் முறைப்பான். மனுஷி வேறு எங்கேதான் பேசுவாள்?

மரத்தடியில் பதினாலு இருந்தாள். அவள் ஏறும் பஸ்ஸின் ரூட் நம்பர் அது. சசிரேகாவின் பஸ் பதினொன்று. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாள் முதல் நாளே, "இன்னா பதினொன்னு, பஸ்ஸு லேட்டா?" என்று கேட்டாள். இவளும் "ஆமா, பதினாலுக்கா" என்றாள். பெயர் அதோடு நின்றுவிட்டது. தினமும் பார்க்கிற முகத்திடம் பெயர் எதற்கு? எட்டு மாதம் அப்படியே ஓடியது.

பதினாலின் விரல் நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும். கேக் கம்பெனியில் செர்ரி செக்‌ஷன் அவளுக்கு.

"கேக்கு மேல வெக்கிறது செர்ரின்னா நென்ச்சிக்கினு கீறே? களாக்காய்மா அது! கொட்டைய எடுத்துட்டு, சக்கரப் பாகுல வேக வெச்சி, செவப்பு சாயம் போட்றோம். ஊரே ஏமாந்து துன்னுது."

"அப்போ இந்த மரம்?"

"இதுவும் செர்ரி இல்ல. எங்க லேப்புல ஒரு பொண்ணு சொல்லிச்சி. நெஜ செர்ரிக்கு உள்ள ஒரே கொட்டையாம். இத்தப் பாரு, கடுகுலயும் பொடிசா ஆயிரம் வெத. நெஜ மரம் காஷ்மீரு பக்கம்தான் வருமாம். குளிர்ல மாசக்கணக்குல தூங்கி எழுந்தாத்தான் பூக்குமாம்."

"குடுத்து வெச்ச மரம்க்கா. நம்மளுக்கு ஞாயித்துக்கெழம கூட தூக்கம் இல்ல."

இப்படித்தான் பேச்சு. வெள்ளைப் பூ ஒரே நாள்தான் இருக்கும் என்பதையும், பூவாக இருக்கும்போது இலைக்கு மேலே நிற்கும் காம்பு காயானதும் இலைக்குக் கீழே வளைந்து தொங்கிக்கொள்ளும் என்பதையும் சசிரேகா அவளிடம்தான் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் சாப்பாட்டுப் பையின் பிடி அறுந்தபோது, பதினாலு ஒரு கிளையிலிருந்து பட்டையை உரித்து நாராக முறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அந்த முடிச்சு அவிழவே இல்லை. பழுத்த பழங்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, "எங்க வூட்ல இதுன்னா உயிரு" என்பாள். வீடு நிறைய ஆட்கள் போலிருக்கிறது என்று சசிரேகாவுக்குக் கொஞ்சம் பொறாமை கூட உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைநீர்க் கால்வாய்க்காக மரத்தை வெட்டிவிட்டார்கள். லேசான கட்டை, சீக்கிரம் பற்றும். சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் விறகாகக் கொண்டுபோய்விட்டார்கள். ராத்திரிக்குள் வாட்ஸப்பில் செய்தி வந்தது: பதினொன்றாம் பஸ் இனிமேல் பெட்ரோல் பங்க் எதிரே நிற்கும். மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டன.

திங்கட்கிழமை சசிரேகா நேரே பங்க்குக்குப் போனாள். மரமே இல்லாத இடத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். பதினாலைக் காணவில்லை. செவ்வாயும் புதனும் வேலை முடிந்து வந்து, வேறு சில பஸ்கள் நிற்கும் பாலத்தடியில் தேடினாள். மூன்று நாளாக ஒரு ஆத்மாவோடும் பேசவில்லை என்பது புதன்கிழமை படுக்கும்போதுதான் உறைத்தது. அழுதாள்.

வெள்ளிக்கிழமை பார்ட்ஸ் வரவில்லை என்று லைனை மதியமே நிறுத்திவிட்டார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து கேக் கம்பெனி கேட்டுக்குப் போனாள்.

"பேர் இன்னா?" என்றார் செக்யூரிட்டி.

"தெர்லண்ணா. பதினாலாம் நம்பர் பஸ்ஸு. வெரலெல்லாம் செவப்பா இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "செர்ரி செக்‌ஷன்ல அம்பது பொம்பளைங்க கீறாங்கம்மா. அல்லாருக்கும் செவப்புதான்."

மூன்றரைக்கு ஷிப்ட் விட்டது. மாஸ்க்கும் தொப்பியுமாகக் கூட்டம் வந்தது. சசிரேகா முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, மறுபடியும் சிவப்பு. பஸ்கள் உறும ஆரம்பித்ததும் வெட்கத்தை விட்டுக் கத்தினாள்.

"செர்ரி மரம் ஸ்டாப்! யாராச்சும் கீறீங்களா?"

ஒரு பெண் நின்றாள். மாஸ்க்கை இறக்கினாள். கழுத்து அட்டையில் எழிலரசி என்று இருந்தது.

"நீங்க பதினொன்னா? நான் பஸ்ஸு கெளம்பறப்பதான் ஓடியாருவேன், உங்கள சரியா பாத்ததில்ல."

சசிரேகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனாள். தலையை ஆட்டினாள்.

"கிளியம்மாக்கா உங்களத்தான் சொல்லிக்கினே இருக்கும். திங்கக்கெழம பாலத்தாண்ட வாக்கான்னு கையப் புடிச்சி இஸ்தேன். வரல. 'பதினொன்னு இங்க வந்து தேடும், பாவம், ஸ்டாப் மாத்துனத சொல்லிட்டு வரேன்'ன்னு வெட்டுன மரத்தாண்டயே நின்னுக்கினு இருந்துச்சி. பஸ்ஸு போயிடுச்சி. மூணு நாளு அதே கதைதான். கான்ட்ராக்ட் ஆளு, மூணு ஆப்சென்ட்டுன்னா வுடுவாங்களா? நிப்பாட்டிட்டாங்க. நேத்து ரூமக் காலி பண்ணிக்கினு போயிட்சி."

"எங்க போனாங்க? போன் நம்பரு?"

"எங்கன்னு சொல்லல. போன்லாம் கெடயாது அதுக்கு."

"வூட்ல இருக்கிறவங்கள கேட்டா..."

"வூட்ல யாரு? அது ஒண்டியாதான இருந்துச்சி." எழிலரசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்படியானால் டப்பா டப்பாவாக அந்தப் பழங்களையெல்லாம் யார் தின்றது? ஆட்டோவில் உட்கார்ந்து சசிரேகா அதையேதான் யோசித்தாள். தனக்காக ஒருத்தி மூன்று நாள் காத்திருந்திருக்கிறாள். தான் அரைக் கிலோமீட்டர் நடந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் பங்க்குக்குப் போகவில்லை. வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. சாப்பாட்டுப் பையின் நார்ப் பிடியைக் கையில் இறுக்கிக்கொண்டு, "கிளியம்மாக்கா" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

தூரத்தில் பங்க் பக்கமிருந்து பதினொன்றின் ஹாரன் கேட்டது. டிரைவர் இரண்டாவது முறையும் அடித்தார். சசிரேகா நகரவில்லை. பஸ் போய்விட்டது.