பெரியமுத்து பேசுறேன்

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், செத்தவர்கள் உடனே போய்விடுவதில்லை. அம்மன் கோயில் திருவிழாச் சாட்டுக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும் இங்கேயேதான் இருப்பார்கள். அன்றைக்குத் தப்புப் பறை அடித்துக்கொண்டு ஊர் திரண்டு வரும். அந்த வருஷம் சாவு விழுந்த வாசலில் எல்லாம் நிற்கும். வீட்டு ஆள் மைக்கைப் பிடித்து, செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இதற்கு 'ஆள் சொல்றது' என்று பெயர். சொல்லி முடித்தால்தான் அந்த ஆள் லயத்தை விட்டுப் போனதாக அர்த்தம். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்காரர்கள் காப்புக் கட்டலாம்.

இந்த வருஷம் எங்கள் லயத்தில் இரண்டு வாசல், அதுவும் அடுத்தடுத்த வாசல். கடைசி வீடு அழகுத்தாயுடையது. செத்தது அவள் புருஷன் பெரியமுத்து. அதற்கு இந்தப் பக்கம் மூக்கம்மாள் வீடு; செத்தது அவள் மருமகள் மாரீஸ்வரி. மூன்றாவது வீடு என்னுடையது. என் பெயர் ராமலட்சுமி. கொழுந்து பறிக்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. அந்த வாயை மழைக்காலம் முடிந்ததிலிருந்து நான் பூட்டி வைத்திருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெரியமுத்து யானை வாச்சராக இருந்தார். சூரியநெல்லியில் பஸ் இறங்கி எங்கள் லயத்துக்கு வர இரண்டு வழி. ஆற்றுப்பாலம் வழியாக வருவது கீழ்ப்பாதை. தேயிலைக்காட்டைச் சுற்றி வருவது மேல் ரோடு. ஒத்தையன் என்று ஒரு கொம்பன் யானை இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் நிற்கும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்து, இருட்டு விழும் நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போடுவதுதான் அவர் வேலை. "பெரியமுத்து பேசுறேன்" என்று தொடங்குவார். சொந்த வீட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாத மனுஷன், யானையைப் பற்றி என்றால் ரேடியோக்காரர் மாதிரிப் பேசுவார்.

வீடு வந்து சேர்ந்தவர்கள் அவருக்கு ஒரு மிஸ்டுகால் கொடுக்க வேண்டும். கடைசி ஆளின் மிஸ்டுகால் வரும்வரை அவர் காவல் கொட்டகையை விட்டு இறங்கமாட்டார். எவனாவது கடையில் நின்று பரோட்டா தின்றுகொண்டிருந்தால், அவனுக்காகவும் இவர் பனியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் கேலி செய்வோம். "வீட்டுக்கு வராதவனுக்கு யானைதான் மிஸ்டுகால் குடுக்கணும்" என்று அவரும் சிரிப்பார்.

ஆடி மழையில் காய்ச்சல் கண்டு, நெஞ்சு கட்டி, பெரியமுத்து போய்விட்டார். அந்த வேலைக்கு பிஜு வந்தான். நல்ல பையன்தான். ஆனால் கூச்சக்காரன், வாயால் பேசமாட்டான். குழுவில் மலையாளத்தில் எழுதித்தான் போடுவான். எங்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்து ஜிலேபி. மாரீஸ்வரிதான் படித்துச் சொல்வாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் அவள். ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு வீட்டில் இருந்தால் வாசலில் நின்று சத்தமாக வாசிப்பாள். ஷிப்ட் முடிய நேரமாகிவிட்டால் எங்களுக்கு வாசிக்க ஆள் கிடையாது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பெரியமுத்து செத்து, காரியமெல்லாம் முடிந்து, ஒருநாள் நான் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். "பெரியமுத்து பேசுறேன்" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. கையில் இருந்த அரிசி அத்தனையும் தரையில். எங்கள் லயத்துக் குறுக்குச் சுவர்கள் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். அழகுத்தாய்தான் அவருடைய போனில், அவர் கடைசியாகப் போட்ட பேச்சைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியமுத்து பேசுறேன். ஒத்தையன் பாலத்துக்கிட்ட நிக்கிறாப்ல. அங்கிட்டு யாரும் வராதீங்கப்பா. மேல் ரோட்ல வாங்க. வந்து சேந்தவங்க ஒரு மிஸ்டுகால் குடுத்துருங்க." பிறகு ஒரு இருமல். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே பேச்சு, அதே இருமல். எனக்கு மயிர்க்கூச்செறியும். ஒருநாள் போய்ச் சொன்னேன்.

"யக்கா, கொஞ்சம் சத்தத்தக் கொறச்சு வச்சுக் கேக்கலாம்ல?"

"ஏன்டி, எங்க வீட்டுக்காரரு சத்தம் ஒனக்கு எடைஞ்சலா இருக்கா?" என்றாள் அழகுத்தாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மாரீஸ்வரி செத்த அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு ஷிப்ட் முடிய நேரமாகிவிட்டது. கரண்டு இல்லை. பனி இறங்கி எதிர் லயம் தெரியவில்லை. நான் குழாயடியில் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்கம்மாள் போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ராமு, பெரியமுத்து செத்துட்டான்ல?" என்று கேட்டாள்.

"என்னக்கா கேக்குற? நீதான தலமாட்டுல உக்காந்து அழுத?"

"அப்ப நான் யாரு சொல்லக் கேட்டு அவள மேல் ரோட்ல வரச் சொன்னேன்?"

இருட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சுவருக்கு மேலே அந்தக் குரல். இத்தனை வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போனை எடுத்திருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்த மருமகளிடம், "பாலத்துல நிக்குதாம்த்தா, மேல் ரோட்ல வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் செத்தவன் குரல் என்று மண்டையில் ஏறியிருக்கிறது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். பரிதிக்குப் புறத்து, எல்லைக்கு வெளியே, என்று மலையாளத்தில் ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேல் ரோட்டில் பாதித் தூரத்துக்கு டவர் கிடையாது.

அதற்குப் பிறகுதான் பிஜுவின் மெசேஜ் வந்தது. எனக்கு அதைத் திறக்கத்தான் தெரிந்தது. படிக்கத் தெரியவில்லை. பிறகு மேல் ரோட்டுப் பக்கம் பட்டாசு வெடித்தது. யானையை விரட்ட வாச்சர்கள் போடும் பட்டாசு. அன்றைக்குப் படிக்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

மாரீஸ்வரியைக் கொண்டு வந்து போட்டபோது மூக்கம்மாள் அழவில்லை. என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், என் கையை அடுப்புக்கல்லின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அழகுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவா. எம் மகனுக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழகுத்தாய்மேலும் வந்தது. அந்தப் போனை வாங்கி ஆற்றில் எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனால் பண்ணினேன்.

அழகுத்தாய் துக்க வீட்டுக்கு மரியாதையாகக் கொஞ்சநாள் போனைப் போடவில்லை. பிறகு மறுபடி தொடங்கிவிட்டாள். ஆறு மணியானால் மூக்கம்மாள் செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு, அந்தச் சுவரடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். "மேல் ரோட்ல வாங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செத்தவர் கூப்பிடுவார். இவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள்கூடக் காதைப் பொத்தியதில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியாது.

மூக்கம்மாள் மகன் லோகேஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. சாவுக்கு வந்தவன் ஒரே கேள்வியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டான். சாட்டுக்கு வந்தபோதும் அதே கேள்வி.

"அவ எப்பயும் கீழதான வருவா? அன்னைக்கு எதுக்கு மேல போனா? ஏம்மா, கடேசியா நீதான போன் பண்ணிருக்க. என்ன சொன்ன?"

"வெரசா வாத்தான்னேன்" என்பாள் மூக்கம்மாள். அவ்வளவுதான் சொல்வாள். அவன் என்னைப் பார்ப்பான். நான் முறத்தில் இல்லாத கல்லைப் பொறுக்குவேன்.

சாட்டுக்கு முந்தின சாயங்காலம் தப்பு எங்கள் லயத்துக்குள் வந்தது. மழை இல்லை. எதிர் லயத்துக்காரர்கள், பாக்டரி லயத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிஜுகூட ஓரமாக நின்றான். முதலில் மூக்கம்மாள் வாசல். தப்பு நின்றது. மைக்கை வாங்கினாள்.

"எம் மருமக மாரீஸ்வரி" என்றாள். "ரிசார்ட்டுல ரூமுக்கு ரூம் மிச்சம் விடுற சோப்புத் துண்டையெல்லாம் கொண்டாந்து, உருக்கி ஒண்ணாக்கி, லயம் பூராக் குடுத்தா. ஒங்க எல்லாரு மேலயும் அந்த வாசனைதான் இருக்கு. பிஜு எழுதுனத வாசிச்சுச் சொன்னா. சிரிச்சா நிப்பாட்ட மாட்டா. என்னய ஒருநாளும் அத்தைன்னு கூப்பிட்டதில்ல, ஏம்மான்னுதான் கூப்பிடுவா." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். லோகேஷ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

தப்பு அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. அழகுத்தாய் வெளியே வந்தாள். மைக்கை நீட்டினார்கள். "எனக்குச் சொல்லத் தெரியாதுப்பா" என்றாள். "அவரே சொல்லட்டும்."

சேலை மடிப்பிலிருந்து போனை எடுத்து மைக்கின் முன்னால் பிடித்தாள். தடுக்கலாம் என்று கால் எடுத்து வைப்பதற்குள் பெரியமுத்து பேசிவிட்டார்.

"பெரியமுத்து பேசுறேன். ஒத்தையன் பாலத்துக்கிட்ட நிக்கிறாப்ல. அங்கிட்டு யாரும் வராதீங்கப்பா. மேல் ரோட்ல வாங்க. வந்து சேந்தவங்க ஒரு மிஸ்டுகால் குடுத்துருங்க." அந்த இருமல், குழாய் ஸ்பீக்கரில், தேயிலைக்காடு முழுக்கக் கேட்டது.

நின்ற கூட்டம் அப்படியே பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேரும். லோகேஷ் மட்டும் திரும்பவில்லை. அவன் மேல் ரோட்டைப் பார்த்தான். பிறகு கூரைக்கு எட்டாத அந்தச் சுவரை, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

அப்போது அழகுத்தாயின் கையில் போன் அடித்தது. ஒரே ஒரு மணி, நின்றுவிட்டது. யாரோ ஒருவர் பழக்கத்தில் மிஸ்டுகால் கொடுத்துவிட்டார். உடனே இன்னொன்று. பிறகு இன்னொன்று. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். என் கையும் போனது, நானும் கொடுத்தேன். அவள் கையில் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அழகுத்தாய் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சங்கொஞ்சமாக மணி குறைந்து ஓய்ந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று தப்புக்காரர் கேட்டார்.

மூக்கம்மாள் மட்டும் கொடுக்கவில்லை. போன் அவள் கையில்தான் இருந்தது. கூட்டம் காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் அழுத்தினாள். அழகுத்தாயின் நெஞ்சில் ஒருமுறை மணி அடித்தது.

"எங்க வீட்டு ஆளும் வந்து சேந்துட்டா, தம்பி" என்றாள் மூக்கம்மாள். "நீ கொட்டகைய விட்டு எறங்கு. வீட்டுக்குப் போ."

தப்பு முழங்கியது. கூட்டம் அடுத்த லயத்துக்குப் போனது. நான் போகவில்லை. மூக்கம்மாள் வாசலில் அவளும் லோகேஷும் மட்டும் நின்றார்கள். அழகுத்தாய் நேராக அவர்களிடம் வந்தாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை. மூக்கம்மாள் தயங்கியதை அவளும்தான் பார்த்தாள்.

"மதினி, மாரீசு செத்த அன்னைக்கு நான் இதப் போட்டேன். ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல" என்றாள் மூக்கம்மாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

அழகுத்தாய் நம்பாமல் லோகேஷைப் பார்த்தாள். அவன் கண் சிவந்திருந்தது. ஒரு வார்த்தையில் இரண்டு கிழவிகளையும் கொன்றுபோடலாம், அது அவன் கையில் இருந்தது.

"அம்மாவுக்கு எங்க கேக்கப்போகுது, அத்த?" என்றான். "இருட்டுனா எங்கம்மாவுக்குக் காது மந்தம். மாரீசே எங்கிட்டச் சொல்லிருக்கா." சொல்லிவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். கதவு சாத்திய பிறகு அவள் அழுத சத்தம் வந்தது. மருமகள் செத்து இத்தனை நாள் கழித்து, அன்றைக்குத்தான் அழுதாள்.

அழகுத்தாய் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காப்புக் கட்டிக்கொண்டு வந்து ஆறு மணிக்கு அடுப்படியில் காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிஜு இப்போது எழுதுவதில்லை, கூச்சத்தை விட்டுப் பேசிப் போடுகிறான். "ஆன மேல ரோட்டில உண்டு, ஆரும் வரண்டா" என்று தமிழும் மலையாளமுமாகச் சொல்கிறான். எல்லோருக்கும் புரிகிறது.

அந்த நேரத்துக்கு மூக்கம்மாள் வாசலுக்கு வந்து மேல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையில் போன் இருக்கிறது. எல்லோரும் வீடு வந்து சேர்ந்த பிறகும் அவள் உள்ளே போவதில்லை. நான்தான் போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது.