தொண்ணூற்றொன்பது பென்ஸுக்கு என் அப்பா

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப்போவதில்லை. எண்பத்துநான்கு வயதுவரை நான் ஒரு கதைகூட எழுதியதில்லை. கதை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதையும் கிடையாது.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டு டெனிஸ் குவில்லியம் வேலிக்கு மேலே தன் டேப்லெட் கணினியைத் தூக்கிக் காட்டினார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துப்பறியும் நாவல் கையில் இருந்தால் அடுப்பில் தேநீர்க் கெண்டி கொதித்து வற்றினாலும் எழுந்திருக்க மாட்டார்.

“மிஸ் ப்ரீஸ், நம்ம ஊர்ல குடியிருந்த அம்மா எழுதின புத்தகம் திரும்ப வந்திருக்கு. வெறும் தொண்ணூத்தொன்பது பென்ஸ். வாசகர் வட்டத்துல இந்த மாசம் இதைத்தான் படிக்கிறோம்.”

திரையில் ரோஜாக்கொடி படர்ந்த ஒரு கூரைவீடு, வாசலில் ஒரு பூனை. எங்கள் டன்னிங்கோட்டில் கூரைவீடு ஒன்றுகூடக் கிடையாது. பூனைக்குக் கீழே

[இந்தத் தொடக்கம் வேண்டாம். டெனிஸ் நல்ல மனிதர். அவரைக் கொண்டு ஆரம்பித்தால் என் கோபம் பாதியாகிவிடுகிறது. மறுபடி.]

2

என் தந்தை ஆல்பர்ட் ப்ரீஸ் யாரையும் கொல்லவில்லை.

முதல் வரி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் இந்த ஊர்க் கடைத்தெருவில் முப்பத்தொரு வருடம் மருந்துக்கடை வைத்திருந்தார். 1957 நவம்பரில் மிஸஸ் பெடோஸ் என்ற விதவை, இருமல் மருந்து என்று நினைத்து, முழங்கால் வலிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தைக் குடித்து இறந்துபோனார். இரண்டு புட்டிகளும் ஒரே சனிக்கிழமை எங்கள் கடையில் வாங்கியவை. விஷத் தைலத்தை வரிவரியாகப் புடைத்த பச்சைப் புட்டியில் தருவது வழக்கம். இருட்டில் தடவினாலும் தெரியும். அந்த வாரம் பச்சைப் புட்டி தீர்ந்திருந்தது. சாதாரணப் புட்டியில் மருந்தின் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுத்தோம். இதை அப்பாவே விசாரணையில் எழுந்து நின்று சொன்னார்.

சீட்டுகள் சரியாக ஒட்டப்பட்டிருந்தனவா, மாறியிருந்தனவா? யாருக்கும் தெரியாது. போலீஸ் வருவதற்கு முன்பே, வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி புட்டிகளைக் கழுவிவிட்டாள். சீட்டுகள் வெந்நீரில் ஊறி உரிந்துபோயின. இறந்தவர் வீட்டில் போலீஸ்காரர் வந்து அழுக்குப் பாத்திரத்தைப் பார்த்துவிடக் கூடாது என்ற கவலை எங்கள் ஊர்க்காரர்களுக்கு.

விபத்து என்று தீர்ப்பாயிற்று. ஊருக்கு அது போதவில்லை.

3

இனி யூனிஸ் ஹாலம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் கடைக்கு எதிரே மாடியில் குடியிருந்தாள். 1959இல் ‘உணவுக்குப் பின் இரண்டு கரண்டி’ என்று ஒரு நாவல் வெளியிட்டாள். ஒரு சிற்றூர். ஒரு விதவை. இரண்டு புட்டி. முதல் அத்தியாயத்திலேயே ஒரு மருந்துக்கடைக்காரர்: கறுப்புக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, வாய்க்குள் முனகும் தேவாலயப் பாட்டு, எந்நேரமும் கல்லாமேசையைத் துடைக்கும் கை. கடைக்காரர் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். தபால் நிலைய வரிசையில் நின்றவர்கள் அதை எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள்.

(அவளைக் கொடியவளாகக் காட்டி மூன்று பத்தி எழுதினேன். மெலிந்த உதடு, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கண். பிறகு அடித்துவிட்டேன். உண்மையில் அவளுக்குத் தடித்த உதடு. வருடந்தோறும் எங்களுக்கு நெல்லிக்காய் ஜாம் கொடுத்தாள். புத்தகம் வந்த அன்றும் ஒரு பிரதியைத் தாளில் சுற்றி அப்பாவிடம் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மனிதரைக் கொலைகாரராக்கிவிட்டு அந்தப் புத்தகத்தையே அவருக்குப் பரிசாகக் கொடுப்பவளை எந்த வகைப் பாத்திரமாக எழுதுவது? எனக்குத் தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னறையில் உட்கார்ந்து படித்தார். மாலைத் தேநீருக்கு வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஹெஸ்டர், இந்தப் புத்தகத்தை நீ படிக்கக் கூடாது. எனக்கு வாக்குக் கொடு.”

கொடுத்தேன். எங்கள் வீட்டில் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

வாடிக்கை அடுத்த ஊருக்குப் போயிற்று. 1962இல் கடையை மூடினோம். ஆறு வருடம் கழித்து அப்பா போனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் “நல்ல மனுஷர்தான்” என்றார்கள். அந்தத் ‘தான்’ என்ற சொல்லை நான் மறக்கவில்லை.

4

நான் செய்தது இது. நூலகப் பிரதியை இரவல் வாங்கினேன். தொலைத்துவிட்டேன் என்று சொல்லி அபராதம் கட்டினேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய். பிறகு தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனை, செத்தவர்களின் வீட்டு ஏலம், அக்கம்பக்கத்து ஊர்களின் பழைய புத்தகக் கடைகள் — எங்கே அந்தப் புத்தகத்தின் மஞ்சள் அட்டையைக் கண்டாலும் வாங்கினேன். கொஞ்சப் பிரதிகள்தான் அச்சாகியிருந்தன. பரிசுப் பிரதியையும் சேர்த்து, அறுபது வருடத்தில் அறுபத்தொன்று.*

* அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எரித்திருக்கலாமே என்பீர்கள். மருந்துக்கடைக்காரர் மகள் புத்தகத்தை எரிக்க மாட்டாள்.

பத்து வருடமாக ஒரு பிரதியும் கண்ணில் படவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் வேலிக்கு மேலே டெனிஸின் டேப்லெட் எழுந்தது. தலைப்பைக்கூட மாற்றியிருந்தார்கள்: ‘மருந்துக்கடை மர்மம்: கீழே வைக்கவே முடியாத, கடைசிப் பக்கம்வரை நெஞ்சு படபடக்கும் அழகான ஆங்கிலச் சிற்றூர்க் கொலைக்கதை’. இது ஒரு புத்தகத்தின் பெயராம். சந்தையில் மீன் விற்கிறவன்கூட இதைவிடக் கௌரவமாகக் கூவுவான். தேவாலயத்துக்கு எதிர்க் கடையில் ஒரு காபி மூன்று பவுண்டு நாற்பது. என் தந்தையின் மானம் ஒரு பவுண்டுக்கு ஒரு பென்ஸ் குறைவு.

பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓர் இளம்பெண் எடுத்தாள். முதல் வாக்கியத்திலேயே என்னை வெறும் ஹெஸ்டர் என்றாள்.

உங்களிடம் எத்தனை பிரதி இருக்கிறது, எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“அது மின்னூல், தீரவே தீராதுங்க, ஹெஸ்டர். நீங்க எத்தனை வாங்கினாலும் அது அங்கேயேதான் இருக்கும்.”

எனக்கு அது உடனே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தீர்ந்துபோகாத ஒரு பொருளைக் கடையில் வைத்து விற்பது எந்த ஊர் நியாயம்? அப்புறம் அதற்குத் தள்ளுபடி எதற்கு?

5

வாசகர் வட்டம் கூடியது ஊர்மன்றத்தில், வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு. நான் அதில் உறுப்பினர் இல்லை. என் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் போர்ப் பதக்கத்தையும் குத்திக்கொண்டு போனேன்.

(இந்தக் காட்சியை எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கதையையே ஆரம்பித்தேன். நான் நடுவில் நின்று பேச, எல்லாரும் தலைகுனிவதாக. அப்படி ஒரு வடிவமும் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. ஆனால் நடந்தது வேறு.)

பதினோரு பேர். பதினோரு டேப்லெட். நடுவில் எலுமிச்சைக் கேக். வட்டத்தை நடத்துகிற மோய்ரா, பழைய நூலகர், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. என் தந்தை கொலைகாரர் அல்ல. செத்தவருக்கு எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது, அதனால் நான் வந்திருக்கிறேன். உங்களுக்கு மலிவாகக் கிடைத்தது என்பதற்காக ஒரு குடும்பத்தைக் கேக்கோடு சேர்த்துத் தின்னாதீர்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை.

தேநீர்ப் பாத்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. டெனிஸ் தொண்டையைச் செருமினார்.

“மிஸ் ப்ரீஸ், இதுல கடைக்காரர் கொலை பண்ணலையே.”

“என்ன?”

“இந்த மாதிரிக் கதைல முதல் அத்தியாயத்துல யாரைச் சந்தேகப்பட வைக்கிறாங்களோ, அவங்க பண்ணியிருக்கவே மாட்டாங்க. அதுதானே இதோட விதி. அந்த மனுஷரைப் போல ஒரு நல்லவரை நான் எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்ல. கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

மோய்ரா மெதுவாகக் கேட்டாள்: “நீங்க இதைப் படிச்சதில்லையா?”

என்னிடம் அறுபத்தொரு பிரதி இருக்கிறது என்றேன்.

“ஒண்ணுகூடப் படிக்கலையா, மிஸ் ப்ரீஸ்?”

யாரோ சிரிக்க ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், அப்படியானால் யார் செய்தது என்று. பதினோரு பேரும் தத்தம் திரையைப் பார்த்தார்கள்.

“எங்க வட்டத்துல ஒரு சட்டம் இருக்கு. படிக்காதவங்ககிட்ட முடிவைச் சொல்றதில்ல,” என்றாள் மோய்ரா. சொல்லிவிட்டு எனக்குப் பெரிய துண்டாகக் கேக் வெட்டினாள். கேட்காமலே பெரிய துண்டு கொடுத்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அனுதாபம்.

6

டெனிஸ் என்னை வீடுவரை கொண்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. என் வாசல் படியில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

“படிக்கிறதா இருந்தா படிங்க. கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுடுங்க.”

ஏன் என்றேன்.

“கதைல அந்தக் கடைக்காரருக்கு ஒரு மக இருக்கா, மிஸ் ப்ரீஸ். கடையில சீட்டு ஒட்டுறவ.” பிறகு அவசரமாக, “கதைதான். பஸ் ஓட்டுறவனைக் கொலைகாரனா வச்சுகூட நாலு புத்தகம் படிச்சிருக்கேன்,” என்றார்.

நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன். அலமாரியைத் திறந்து அப்பாவின் பிரதியை எடுத்தேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம். படித்து நிறுத்திய பக்கத்தின் மூலையை மடிப்பார். இத்தனை வருடமும் அவர் பாதியில் வெறுத்துப்போய் மூடிவைத்தார் என்றே நம்பியிருந்தேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்தது. மடிந்திருந்தது கடைசித் தாள்.

அவர் முழுவதும் படித்திருக்கிறார். தான் குற்றமற்றவர் என்று அச்சில் வந்திருப்பதைப் படித்திருக்கிறார். அதை ஊருக்குக் காட்ட வேண்டுமானால் அடுத்த அத்தியாயத்தையும் காட்ட வேண்டும். அதனால் பேசாமல் கடையை மூடினார். நானோ, அவர் விடுதலையாகும் அத்தியாயத்தை அறுபது தடவை விலை கொடுத்து வாங்கிப் பூட்டிவைத்தேன். ஊருக்கு மிஞ்சியது முதல் அத்தியாயத்தின் வதந்தி மட்டும்.

என் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? யூனிஸ் மேல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. பதிப்பகத்தின்மேல், அந்தப் பூனையின்மேல். பூனைமேல் கொஞ்சம் நிற்கிறது.

7

முடிவுகள்.

முதலாவது: யூனிஸுக்கு ஒரு கொலையாளி தேவைப்பட்டாள், வேறு யாரும் கிடைக்கவில்லை, கண்ணெதிரே கடையில் ஒரு பெண் இருந்தாள். அவ்வளவுதான். மிஸஸ் பெடோஸ் மூக்குக்கண்ணாடி இல்லாமல் புட்டியை மாற்றி எடுத்தார். டெனிஸ் இந்த முடிவைத்தான் விரும்புவார்.

இரண்டாவது: எதிர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் கல்லாமேசை நன்றாகத் தெரியும். அந்தச் சனிக்கிழமை போர்நினைவு நாள் ஒத்திகைக்காகத் தெருவில் பேண்டு வாத்தியம் போனது. மேசைமேல் ஒரே அளவில் இரண்டு புட்டி. எனக்குப் பதினெட்டு வயது. பசை தடவிய சீட்டு இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மறுபடி மேசைப் பக்கம் திரும்பியபோது இடது கையில் இருந்தது

[இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதினேன். ஏழு முறையும் இங்கேயே நிற்கிறது.]

மூன்றாவது முடிவு கிடையாது. ஆனால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திங்கட்கிழமை அறுபது பிரதிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, பஸ் நிறுத்தத்து இலவச அலமாரியில் கொஞ்சம், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் கொஞ்சம், தபால் நிலையத்தில் கொஞ்சம் என்று வைத்துவிட்டு வந்தேன். அப்பாவின் பிரதி மட்டும் என்னிடம் இருக்கிறது. பிறகு பதிப்பகத்துக்கு மறுபடி பேசினேன். தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, அப்புறம் நாலு பவுண்டு தொண்ணூற்றொன்பது என்றாள் அதே பெண். அநியாயம் என்றேன். அந்த விலைக்கு எங்கள் ஊரில் யார் வாங்குவார்கள்? தொண்ணூற்றொன்பது பென்ஸாகவே வைத்திருங்கள் என்றேன்.

“ஹெஸ்டர், போன வாரம் நீங்கதானே இதை விக்கவே கூடாதுன்னு—”

“மிஸ் ப்ரீஸ்,” என்று திருத்தினேன்.

ஆகவே, வாசகரே, ஞாயிறுவரை நேரம் இருக்கிறது. கடைசிக்கு முந்தின அத்தியாயம்வரை கட்டாயம் படியுங்கள். அதில் ஆல்பர்ட் ப்ரீஸ் குற்றமற்றவர். அதை நாலு பேரிடம் உரக்கச் சொல்லுங்கள், டன்னிங்கோட்டிலேயே சொல்லுங்கள். அதற்கு அடுத்த அத்தியாயத்தைப் படிக்க என்னால் முடியாது. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.